கையுறை

மயூர் விகாரில் எங்கள் அடுக்ககத்தின் முதல் மாடியில் ஓர் அம்மையார் தனியே வாழ்ந்து வருகிறார். வயது எண்பதை நெருங்குகிறது. கணவர் மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்று மறைந்தவர். ஒரே மகன் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு நகரத்தில் இருக்கிறார். ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில், அம்மையாரின் பிறந்தநாளன்று காலை பத்து மணியளவில் வாயில்மணி ஒலிக்கும். தலைக்கவசம் அணிந்த இளைஞர் ஒருவர் பெரிய பூச்செண்டு ஒன்றை நீட்டுவார். அம்மையாரின் வீட்டில் பூச்சாடி கிடையாது. பித்தளைச் செம்பொன்றில் நீர் வார்த்து அதில் செண்டை நிறுத்திவைப்பார். அன்று அந்த வழியாகச் செல்பவர் எவரும் உள்ளே வந்து அதனைப் பார்த்துவிட்டே போகவேண்டும்.

இவ்வாண்டு அவ்வாறு பார்க்கச் சென்றபோது அம்மையார் என்னைக் கேட்டார்: "தம்பி, இது என் மகன் கொடுத்த பூவா, கடைக்காரன் கொடுத்த பூவா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் மாடிப்படி ஏறும்போது சிரிப்பு கீழேயே நின்றுவிட்டது. கேள்வி மட்டும் என்னோடு வந்தது. அதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பிறர் கைவழியே பொருள் அனுப்புவது தலைநகர்த் தமிழர்களாகிய நமக்குப் புதிதன்று. நம் பெற்றோர் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிக் கரோல் பாக்கிலும் லோதி காலனியிலும் குடியேறிய காலத்திலேயே நம் அன்பு பெரும்பாலும் இன்னொருவர் கையில்தான் பயணம் செய்தது. ஊருக்குப் போகிறவரிடம் பொட்டலம் கொடுத்தனுப்பினோம். மாதந்தோறும் மணியார்டர் அனுப்பி, அதன் அடியில் இருந்த சிறு இடத்தில் நலம் விசாரித்து நான்கு வரி எழுதினோம். திருமணங்களுக்கு வாழ்த்துத் தந்தி கொடுத்தோம். அத்தந்தியின் வாசகங்கூட நம்முடையதன்று. வாசகங்களுக்கு எண்கள் இருந்தன, எண்ணைச் சொன்னால் போதும். தந்தி 2013இல் நின்றது. பழைய மணியார்டர் முறை 2015இல் நின்றது. ஆயினும் அந்த எண்ணிட்ட வாழ்த்தைப் பெட்டியின் அடியில் இன்றும் காத்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஆகவே, இடையில் ஒரு கை வந்துவிட்டதாலேயே அன்பு பொய்யாகிவிடும் என்று சொல்லிவிட முடியாது.

நம் பழைய இலக்கியமும் இடைநிற்கும் கையை அறிந்ததே. அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குத் தழையும் பூவும் கொண்டுவருகிறான். அவற்றை அவன் நேரே கொடுப்பதில்லை, தோழியிடம் கொடுக்கிறான். அப்பரிசிற்குக் கையுறை என்று பெயர். தோழி அதனை ஏற்பதும் உண்டு, மறுப்பதும் உண்டு. குறுந்தொகையின் முதற்பாட்டே மறுப்புத்தான். திப்புத்தோளார் பாடிய அப்பாட்டில், காந்தள் மலர் கொணர்ந்த தலைவனிடம், முருகனுக்குரிய எங்கள் குன்றிலும் காந்தள் குலைகுலையாக இருக்கிறது என்பதை உணர்த்தித் தோழி அவனைத் திருப்பிவிடுகிறாள்.

அந்த மறுமொழியின் நுட்பம் எண்ணத்தக்கது. பூவின் அழகில் அவள் குறை காணவில்லை. எங்களிடம் இல்லாத பூவையா கொண்டுவந்தாய் என்பதே அவள் கேள்வி. பூ எங்கும் கிடைக்கும். கிடைத்தற்கரியது கொண்டுவருகின்றவனின் உள்ளம். அதனை இன்னும் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று அவள் கருதினாள் போலும்.

இன்று நம்மிடையே கையுறை என்றால் எவரும் பரிசு என்று பொருள் கொள்ளமாட்டார்கள். விரல்களை மூடும் உறை என்றே கொள்வார்கள். கொடுக்கும் கையைக் குறித்த சொல், தொடாமல் காக்கும் உறைக்குப் பெயராகிவிட்டது. சொற்கள் இவ்வாறு மாறுவது மொழியின் இயல்பு. ஆயினும் அம்மையாரின் கேள்வியை எண்ணும்போதெல்லாம் இவ்விரு பொருளும் என் மனத்தில் அடுத்தடுத்து வந்து நின்றன. மகன் அனுப்பிய செண்டு எந்தக் கையுறை? பழையதா, புதியதா?

விடை காணுமுன் இவ்வணிகம் நடக்கும் முறையைச் சிறிது பார்க்கவேண்டும். தொலைவில் இருப்பவர்க்குப் பூ அனுப்பும் ஏற்பாட்டில் பூ தொலைவு செல்வதில்லை. அமெரிக்காவில் 1910இல் பூ வணிகர் பதினைவர் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஓர் ஊரில் பணம் கட்டினால், செய்தி தந்தியில் செல்லும். பெறுபவரின் ஊரிலுள்ள கடைக்காரர் தம் கடைப் பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார். அன்று தந்தி இருந்த இடத்தில் இன்று கைப்பேசி இருக்கிறது, முறை அதுவே. மகன் நியூயார்க்கிலிருந்து அனுப்பினாலும் நொய்டாவிலிருந்து அனுப்பினாலும் அம்மையாரின் வாயிலுக்கு வரும் பூ தில்லிச் சந்தையின் பூவே.

அச்சந்தையும் எங்கள் வீட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. முன்பு கன்னாட் பிளேஸிலும் மெஹ்ரோலியிலும் பழைய தில்லியிலும் சிதறியிருந்த மொத்தப் பூ வணிகம் பின்னர் காஜிப்பூருக்குப் பெயர்ந்தது. விடியுமுன்பே அங்கே வணிகம் தொடங்கிவிடும். இமாசலத்துக் கார்னேஷனும், தாய்லாந்து ஆர்க்கிடும், ஓசூர், பெங்களூர்ப் பசுங்குடில்களில் வளர்ந்த நீண்ட காம்பு ரோஜாவும் பெட்டிகளில் வந்து இறங்கும். தோழி சொன்னதுபோல் எங்கள் குன்றிலேயே காந்தள் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மகன், அம்மையார் வீட்டின் பக்கத்துச் சந்தையிலிருந்து எடுத்த பூவையே அம்மையாருக்கு அனுப்பியிருக்கிறார்!

ஆகவே பூவைப் பார்த்து இக்கேள்விக்கு விடை காண முடியாது. விலையைப் பார்த்தும் காண முடியாது. உள்ளம் மகிழ்ந்து பொருளைக் கொடுப்பதினும் முகம் மலர்ந்து இன்சொல் கூறுதல் நல்லது என்று வள்ளுவர் வைத்த அளவுகோல் வேறு. பொருள் பிறர் கையில் செல்லலாம், முகம் செல்லாது. அங்ஙனமாயின் முகம் இல்லாத கொடை முழுக்கொடை அன்று என்றாகிறதே! அம்மையாரின் மகனைக் குற்றவாளி என்று தீர்த்துவிடலாமா?

இங்கேதான் என் கதையைச் சொல்லவேண்டும்.

எனக்கு ஒரு நண்பர் உண்டு. இளமையில் வேலை தேடி வந்தபோது கரோல் பாக்கில் ஓர் அறையை இருவரும் பகிர்ந்துகொண்டோம். ஒருவர் சட்டையை மற்றவர் அணிந்து நேர்முகத் தேர்வுக்குப் போன நாள்களும் உண்டு. சென்ற சனவரியில் அவருக்கு இதய அறுவை நடந்தது. தென் தில்லியில் ஒரு மருத்துவமனை. செய்தி கிடைத்தபோது மூடுபனிக் காலம். காலையில் எதிர்வீடு தெரியவில்லை. மறுநாள் போகலாம் என்று எண்ணினேன். மறுநாளும் அவ்வாறே எண்ணினேன். மூன்றாம் நாள் கைப்பேசியை எடுத்து ஒரு பூச்செண்டுக்குப் பணம் கட்டினேன். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. வாழ்த்து வாசகத்தையும் அவர்களே வைத்திருந்தார்கள். நான் பெயரை மட்டும் சேர்த்தேன். சேர்த்ததும் ஒரு பெரிய நிம்மதி வந்தது. காப்பியை ஆற்றிக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தேன்.

மாலையில் நண்பரின் மகள் பேசினாள். "மாமா, பூ வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பூவை விடமாட்டார்களாம். கீழே வரவேற்பிலேயே வைத்துவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். பூவுக்குத்தானே தடை, அவனுக்குமா தடை என்று கேட்கச் சொன்னார்."

மறுநாள் மெட்ரோவில் சென்றேன். இடையில் ஒருமுறை வண்டி மாறவேண்டியிருந்தது; அவ்வளவே. மூன்று நாளாக நான் கடக்க முடியாதென்று நினைத்த தொலைவு ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிட்டது. அவர் எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்தபடி கண்களை மூடிக்கொண்டார். வெளியே வரும்போது வரவேற்பு மேசையின் ஓரத்தில் என் செண்டு இருந்தது. ஒளித்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. உள்ளே ரோஜாக்கள் கழுத்து ஒடிந்திருந்தன. என் பெயர் எழுதிய அட்டை மட்டும் வாடாமல் இருந்தது.

என் தவறு பூ அனுப்பியதன்று. அனுப்பியபின் எனக்கு வந்த நிம்மதியே என் தவறு. போகவேண்டும் என்ற கடமை மூன்று நாள் என் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது. நான் பணம் கொடுத்து அந்த முள்ளை எடுத்துவிட்டேன். அந்த முள்தான் நட்பு என்பதை அப்போது உணரவில்லை.

இதிலிருந்து ஓர் அளவுகோல் எனக்குக் கிடைத்தது. மலர் அனுப்பியபின் காணவேண்டும் என்ற விருப்பம் முன்னினும் மிகுகிறதா, அன்றித் தணிந்துவிடுகிறதா? மிகுந்தால் அம்மலர் தூது. நமக்கு முன்னே நடந்து, பின்னால் இவர் வருகிறார் என்று அறிவிக்கிறது. தணிந்துவிட்டால் அம்மலர் ஈடு. வாராமைக்கு நாம் கட்டிய தண்டம். இரண்டுக்கும் ஒரே கடை, ஒரே விலை, ஒரே ரோஜா. வேறுபாடு அனுப்புகின்றவன் நெஞ்சில் மட்டும் இருக்கிறது. அதை அவனையன்றி வேறெவரும் அளக்க முடியாது. தொலைவும் இதற்கு அளவன்று. கடல் கடந்து தூது அனுப்புவோர் உண்டு. பத்துக் கல் தொலைவுக்குள் ஈடு அனுப்பிய நானும் உண்டு.

இதற்கு மறுப்பும் கூறலாம். நடக்கமாட்டாத முதியவர் என்ன செய்வார்? விடுப்பு கிடைக்காத ஊழியர் என்ன செய்வார்? நோயாளியைச் சூழ்ந்துகொண்டு மணிக்கணக்கில் பேசித் தொல்லை தரும் உறவினரைவிட, அமைதியாக வந்து நிற்கும் பூச்செண்டு மேலன்றோ? மெய்தான். வரவு எல்லாமே நன்மையன்று. சில வேளை வாராமையே பண்பாகும். பூவை நம்பி உழவரும், கட்டுவோரும், சுமப்போரும் வாழ்கிறார்கள் என்பதும் மெய். பூ அனுப்பாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வரமுடியாத காரணம் மெய்யாக இருக்கும்போது, பூ அந்தக் காரணத்தையும் சேர்த்தே சுமந்து வருகிறது. பெறுபவர் அதனை உணர்ந்துகொள்கிறார். காரணம் பொய்யாகும்போது, அதனையும் அவர் உணர்ந்துகொள்கிறார். என் நண்பர் உணர்ந்ததுபோல.

இடைநிற்கும் கையையும் நாம் மறந்துவிடலாகாது. அன்றைய தோழிக்கு மறுக்கும் உரிமை இருந்தது. வந்தவனைச் சோதித்தாள், அலைக்கழித்தாள், பின் இரங்கினாள். இன்று செண்டு கொண்டுவரும் இளைஞருக்கு அவ்வுரிமை இல்லை. தில்லியின் சூன் வெயிலிலும் சனவரிக் குளிரிலும், பூ வாடுமுன் வாயிலை அடையவேண்டும் என்பதே அவருக்கு இட்ட கட்டளை. ஆனால் நமக்குக் கிடைக்காத ஒரு செல்வம் அவருக்குக் கிடைக்கிறது. கதவு திறந்ததும் மலரும் முதல் முகத்தை அவரே காண்கிறார். நாம் பணம் கொடுத்து வாங்கிய செண்டின் உயர்ந்த பகுதியைப் பெயரறியாத ஒருவருக்கு வழங்கிவிடுகிறோம். அம்மையார் அவருக்கு ஒரு தம்ளர் மோர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. மகனுக்குக் கொடுக்கவேண்டியதை அந்தக் கைக்குக் கொடுக்கிறார் போலும்.

தில்லிக்கே இதைப்பற்றி ஒரு பழைய நினைவு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டாம் அக்பர் ஷாவின் காலத்தில், இளவரசர் மிர்சா ஜஹாங்கீரை ஆங்கிலேயர் அலகாபாத்துக்கு நாடு கடத்தினர். மகன் மீண்டால் மெஹ்ரோலியில் குத்புதீன் பக்தியார் காக்கியின் தர்காவுக்கு மலர்ப் போர்வை சாத்துவதாகத் தாய் நேர்ந்துகொண்டாள். மகன் மீண்டான். அரசிக்கு ஏவலர் பலர் உண்டு, மலரை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை, அரண்மனையே மெஹ்ரோலிக்குப் பெயர்ந்து சென்றது, நகர மக்களும் உடன் சென்றனர். தர்காவோடு யோகமாயா கோயிலுக்கும் மலர் சாத்தப்பட்டது. பூவால் இழைத்த விசிறிகளை ஏந்திச் செல்லும் 'பூல்வாலோன் கி சைர்' என்னும் விழா அவ்வாறே பிறந்தது. 1942இல் ஆங்கிலேயர் அதனை நிறுத்தினர். 1960களின் தொடக்கத்தில் நேருவின் ஊக்கத்தால் அது மீண்டும் உயிர்பெற்றது. பூவோடு தாமும் சென்றதனால்தான் ஒரு தாயின் நேர்ச்சை ஒரு நகரத்தின் விழாவாயிற்று.

இவையெல்லாம் எண்ணியபின் சில நாள் கழித்து அம்மையாரிடம் சென்றேன். "மகன் அன்று பேசினாரா?" என்று கேட்டேன்.

"பேசாமல் இருப்பானா? பூ வந்த கால் மணிக்குள் பேசிவிட்டான். அங்கே அப்போது நள்ளிரவு. தூங்கவில்லையாடா என்றால், நீ கதவைத் திறந்தாயா, முகம் எப்படி இருந்தது என்று கேட்கிறான். இந்தக் கோடையில் வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறான், விடுப்பு கிடைக்கவேண்டும்."

"அப்படியானால் அது மகன் கொடுத்த பூத்தான் அம்மா" என்றேன்.

அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. செம்பிலிருந்த செண்டில் பாதிக்குமேல் வாடியிருந்தது. வாடியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிஞ்சிய ரோஜாக்களின் காம்பைச் சிறிது நறுக்கினார். "தண்ணீரை மாற்றிவைத்தால் இன்னும் இரண்டு நாள் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.