கற்றுக்கொடுத்த கை

ஒருவரிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டால் அவருக்கு நாம் கடன்பட்டவர்கள்தானா? குருவானவர் எதிரே உட்கார்ந்து பாடம் சொல்லியிருந்தால் சந்தேகமே இல்லை. அவர் பாட்டுக்குத் தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நாம் ஓரமாக நின்று வித்தையைப் பிடித்துக்கொண்டோம் என்றால்? ஏகலைவன் கதையில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. சொல்லிக்கொடுக்காத வித்தைக்குக் கட்டை விரலை வாங்கிக்கொண்ட அந்தப் பதில் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

இந்த விசாரத்தை என்னுள் கிளப்பிவிட்டது கடம்பா. கடம்பா என்றதும் சிலருக்கு மரம் ஞாபகம் வரலாம். ராயபுரம் காசிமேட்டில் கேட்டுப் பாருங்கள், கணவாயைக் காட்டுவார்கள். அதற்குப் பங்காளி முறை எட்டுக் கை உள்ள பேய்க்கணவாய். என் சிநேகிதர் ஒருவரின் மகள், ராயபுரத்திலேயே வளர்ந்தவள், அந்தப் பேய்க்கணவாயின் கையைப் போலவே ரப்பரில் ஒரு யந்திரக் கை செய்து டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாள்.

எலும்பே இல்லாத கை அது. குறுக்குத் தசை சுருங்கினால் கை நீளும்; நெடுக்குத் தசை சுருங்கினால் குட்டையாகும்; ஒரு பக்கத்துத் தசை மட்டும் சுருங்கினால் வளையும். அந்தப் பிராணிக்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்களாம். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கின்றன. தொட்ட மாத்திரத்தில் ருசியும் தெரிந்துவிடும். 2009-ல் இத்தாலியில் பீஸா நகரத்தைச் சேர்ந்த சிசிலியா லாஸ்கி என்ற அம்மையாரின் தலைமையில் இந்தக் கையைப் படிப்பதற்கென்றே பெரிய ஆராய்ச்சி ஒன்று தொடங்கிற்று. 2016-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் செங்கடலில் மெத்தென்ற ரப்பர் விரல்களை இறக்கிப் பவளத்தை நசுக்காமல் எடுத்துக் காட்டினார்கள். 2020-ல் கலிபோர்னியாவில் உயிருள்ள சொறிமீனின் உடம்பிலேயே சின்ன மின்கருவியைச் செருகி, வழக்கத்தைப்போல் 2.8 மடங்கு வரை வேகமாக நீந்தவைத்தார்கள். சொறிமீனுக்கு மூளை கிடையாது, வலி தெரியாது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கேட்க நாதியில்லாத எவரைப் பற்றியும் நாம் இப்படிச் சுலபமாகச் சொல்லிப் பழகிவிட்டோம்.

"உன் கை எதற்கம்மா உதவும்?" என்று கேட்டேன்.

"கலங்கல் தண்ணீரிலே, கண்ணே தெரியாத இடத்திலே, தடவியே கண்டுபிடிக்கணும் மாமா. நசுக்காமல் எடுக்கணும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படிப்பட்ட கை எண்ணூரில் எப்போதோ இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் இருளர்கள் தண்ணீரில் அமிழ்ந்து உட்கார்ந்து நகர்கிறார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள். இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டே போகும். துள்ளி ஓடும் இறால் விரலில் பட்ட க்ஷணத்தில் பிடிபட்டுப் பறிக்குள் விழும். வலை இல்லை, தூண்டில் இல்லை. பெண்களும் இதைச் செய்கிறார்கள்.

அந்தக் கைகளுக்கு நாம் என்ன செய்தோம்? அனல்மின் நிலையத்துச் சாம்பலை ஆற்றில் சேரவிட்டோம். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையெல்லாம் எண்ணெய்க் கசடு. திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பக்கத்தில் மாணவர்களும் மீனவர்களும் அதை வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தபோதும் மீனவர்கள் படகில் போய் மக்கால் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். செங்கடல் பவளத்துக்கு நோகக்கூடாது என்று விரல் செய்யத் தெரிந்த அதே காலத்தில்தான் இது.

விஞ்ஞானியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நோகாமல் தொடவேண்டும் என்று ஒரு யந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது உயர்ந்த காரியம். ஆனால் பார்த்துக் கற்றதற்கும் தட்சிணை உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. விரலை வெட்டித் தரவேண்டாம், குரு குடியிருக்கும் தண்ணீரை விட்டுவைத்தால் போதும்.

இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தது. "ஆற்றை நானா அழுக்காக்கினேன்?" என்றாள். நியாயமான கேள்வி. நானும் அழுக்காக்கவில்லை, ஆனால் மணலியில் சுத்திகரித்த பெட்ரோலைத்தான் நாங்கள் இருவரும் வண்டிக்குப் போட்டுக்கொள்கிறோம்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அவளே சொன்னாள்: அவளுடைய சிலிகோன் ரப்பருக்கு எண்ணெய் ஆகாதாம். எண்ணெய் கலந்த தண்ணீரில் கிடந்தால் ஊறி உப்பிப்போய்விடுமாம். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டுத்தான் சோதிக்கிறார்களாம்.

"ஒரு நாள் எண்ணூருக்கு வா, அவர்கள் தடவுவதைப் பார்" என்றேன். பேராசிரியரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.