பெறாமகனுக்கு ஒரு பதவி

தன் சொந்தத்துக்கு உதவுவது புண்ணியமா, பாவமா? கேட்ட மாத்திரத்தில் புண்ணியம் என்போம். தன் வீட்டாரைக் கவனியாதவனைப் புனித சின்னப்பரும் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆனால், கொடுக்கப்படும் பொருள் பொதுமக்களுடையதாயின்?

ஐக்கிய அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி மகன் புஷ்றொட் சட்டம் படித்தவர். 1789ஆம் ஆண்டில், வேர்ஜினியாவில் மத்திய அரசின் வழக்கறிஞர் பதவியைத் தமக்குத் தருமாறு அவர் பெரியப்பாவிடம் கேட்டார். பெரியப்பா மறுத்துவிட்டார். புஷ்றொட்டிலும் அனுபவம் முதிர்ந்த சட்டத்தரணிகள் அங்கே இருந்தனர். தமது நியமனங்களில் சந்தேகத்தின் நிழலும் விழலாகாது என்பது வாஷிங்டனின் நிலை. இதே மனிதர் தம் சொந்த மவுண்ட் வேர்னன் மாளிகையைப் புஷ்றொட்டுக்கே எழுதி வைத்தார். வீடு அவருடையது, பதவி அவருடையதல்ல.

கதை அத்தோடு முடியவில்லை. 1798இல் அடுத்த ஜனாதிபதி ஜோன் அடம்ஸ், அதே புஷ்றொட்டை உயர் நீதிமன்ற நீதியரசராக்கினார்! அடம்ஸின் மகனை 1794இல் ஒல்லாந்துக்குத் தூதுவராக அனுப்பியவர் வாஷிங்டன். மகன் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. பின்னாளில் அவரும் ஜனாதிபதியானார். ஆயினும், பெரிய குடும்பத்தின் பிள்ளைக்குக் கதவு திறக்க எப்போதும் ஒரு கை இருந்தது என்பதை மறைக்க முடியாது.

புனித தோமஸ் அக்குவினாஸ் இதை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளார். உறவினன் என்பதற்காக மட்டும் ஒருவனுக்குப் பதவி கொடுப்பது ஆட்பார்த்தல் என்னும் பாவம். தகுதியில் மற்றவர்க்கு ஒப்பான உறவினனைத் தெரிவது ஆகும். ஆனால் அதைக் கண்டு பிறர் தகுதி பாராமல் தம்மவர்க்குக் கொடுக்கத் துணிவார்களாயின், அதையும் தவிர்க்க வேண்டும். இதைச் சொல்லும்போது நாமும் தலைகுனியத்தான் வேண்டும். பெறாமக்களையும் மருமக்களையும் கர்தினால்களாக்கிய பாப்பரசர்கள் எத்தனை பேர்! 1692இல் பன்னிரண்டாம் இன்னசென்ற் பாப்பரசரே அவ்வழக்கத்துக்குச் சட்டத்தால் தடை போட்டார்.

உறவு இருந்தால் ஊழல் நிச்சயம் என்பதுமில்லை. 1801இல் ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனுக்குச் சத்தியப்பிரமாணம் செய்து வைத்த பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல் அவருக்கு உறவினர். இருவருக்கும் தாய்வழியில் றண்டோல்ப் குடும்ப இரத்தம். ஆனால் அரசியலில் பரம வைரிகள்.

இந்த வேர்ஜினியாக் குடும்பங்கள் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தத்தையெல்லாம் எண்ணி வைத்திருந்தன. ஆனால் ஒரு கிளையை மட்டும் எண்ணவில்லை. ஜெபர்சனின் வீட்டில் அடிமையாயிருந்த சாலி ஹெமிங்ஸ், அவர் மனைவியின் தகப்பனுக்கே பிறந்தவர். அதாவது மனைவிக்குத் தங்கை முறை. சாலியின் மகன் மடிசன் 1873இல் இதைப் பகிரங்கமாகச் சொன்னார். சாலியின் பிள்ளைகளுக்கு ஜெபர்சனே தந்தை என்பதையும் சரித்திர ஆசிரியரில் பெரும்பாலோர் இன்று ஏற்கின்றனர். பொதுச் சொத்தைச் சொந்தத்துக்குக் கொடுப்பது அநீதிதான். ஆனால் சொந்த இரத்தத்தையே சொத்தாக எழுதி வைத்திருப்பதை என்னவென்பது?

1826இல் ஜெபர்சன் இறந்தபோது அவரது மரணசாசனம் ஐந்து அடிமைகளுக்கு விடுதலை அளித்தது. அவர்களில் இருவர் சாலியின் புதல்வர். ஆறு மாதம் கழித்து அவரது தோட்டத்தில் ஏலம் நடந்தது. விற்பனைக்கு வைக்கப்பட்டோர் 130 பேர். சாலியின் பெயர் மரணசாசனத்தில் இல்லை.