வாசல் தெளிக்காத வீடு

கொடைக்கானலில் அடிக்கிற குளிர் எங்கள் செம்பட்டிக்கு வருவதில்லை. விடிகாலையில் வத்தலக்குண்டு சாலையில் பனி மூடும், வெயில் ஏறியதும் விலகிவிடும். இங்கே மார்கழியின் கஷ்டம் வருமானத்தில் இருக்கிறது. மல்லிகைக்கு வெயில் வேண்டும். பனி விழ விழ அரும்பு சிறுத்து வரத்து குறையும். நிலக்கோட்டைச் சந்தையில் பூ விலை ஏறிவிட்டது என்று செய்தி வரும். பூ எடுக்கப் போகிற பெண்ணுக்கு அந்த விலையில் ஒன்றுமில்லை, அவளுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இருட்டோடு போய் ஈரச் செடிகளுக்குள் நின்று, பாதி எடையோடு திரும்புவாள். சின்னாளப்பட்டிப் பக்கம் கதையே வேறு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாயம் போட்ட நூல் காயாது, நெசவு வேலை மார்கழிக்கு முன்பே படுத்துவிடும்.

வீட்டுக்குள் இன்னொரு கஷ்டம். பெரியவர்களுக்கு மூட்டுவலியும் இளைப்பும் கூடுகிற மாதம் இது. "மார்கழி தாண்டிட்டா அப்பத்தாவுக்குப் பயமில்ல" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். மகன் திருப்பூரில், மகள் சென்னையில் என்றான பிறகு அப்பத்தா மார்கழியைத் தனியாகத்தான் தாண்ட வேண்டியிருக்கிறது.

இதற்கு எங்கள் தெருக்களில் பழைய காவல் ஒன்று உண்டு. மார்கழி முழுக்க இருட்டோடு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார்கள். கோலம் இல்லாத வாசல் என்றால் துக்க வீடு என்று நினைத்த ஊர் இது. அதனால் வாசல் தெளிக்காத வீட்டை யாரும் பேசாமல் கடந்து போவதில்லை. "என்ன மதினி, இன்னும் வாசத் தெளிக்கல? உடம்புக்கு என்ன?" என்று கதவைத் தட்டுவார்கள். காய்ச்சல் என்றால் கஷாயம் வரும், முடியவில்லை என்றால் ஆட்டோ வரும். சொந்தக்காரர் போன் செய்வதற்குள் தெரு வந்து நின்றுவிடும்.

ஆனால் இந்தக் காவலுக்கு உடம்பு நோவு மட்டுமே தெரியும். கடன் தவணை கட்ட வழியில்லாத பெண்ணும் காலையில் கோலம் போடுகிறாள். சில நாள் வழக்கத்தைவிடப் பெரிதாகவே போடுகிறாள். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, பெண்கள் தாங்கள் சேமித்ததையே தங்களுக்குள் கடனாகக் கொடுத்து வாங்கினார்கள். இன்று குழு என்ற அதே பெயரில் தனியார் கடனும் தெருவுக்குள் வந்துவிட்டது. வாரத் தவணைக்கு ஒருத்தி பணம் கொண்டுவரவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். காய்ச்சலுக்குக் கஷாயம் கொண்டுவந்த அதே பெண்ணை வசூல்காரியாக மாற்றுகிற ஏற்பாடு இது. என்னால் இதை மன்னிக்க முடியவில்லை.

தனிமையும் இப்படித்தான், வாசலில் தெரியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல காரியம். எங்கள் தெருவில் சில பாட்டிகள் மாத்திரையைவிட அதைக் கொண்டுவருகிற பெண்ணுக்காகத்தான் திண்ணையில் காத்திருக்கிறார்கள். அவள் அவசரமாகக் கிளம்புகிற நாளில் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

தைப்பூசம் நெருங்கும்போது பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் செம்பட்டி வழியாக நடப்பார்கள். சாலையோரம் அடுப்பு மூட்டி, "சாமி, சாப்பிட்டுப் போங்க" என்று கும்பிட்டு அழைப்போம். முகம் தெரியாதவரிடம் இவ்வளவு எளிதாக வருகிற வார்த்தை, பக்கத்து வீட்டுக்காரியிடம் "இந்த வாரத் தவணைக்கு இருக்கா?" என்று கேட்க வருவதில்லை. யாத்திரைக்காரர் சாப்பிட்டுப் போய்விடுவார். பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும். அவளுக்கும் அதே கூச்சம் இருக்கிறது. அதனால்தான் பழைய பெண்கள் குழம்பை வேண்டுமென்றே கூடுதலாக வைத்து, "மிஞ்சிப்போச்சு, வாங்கிக்க" என்று கொடுத்தார்கள். வாங்குகிறவளுக்கும் தெரியும், கொடுக்கிறவளுக்கும் தெரியும். இருவர் மானமும் நின்றது.

பணத்துக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். சித்திரை, வைகாசியில் பூ கொட்டும், கூலி கையில் புழங்கும். அப்போதே தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் என்று போட்டு, விவரம் தெரிந்த மூத்த பெண்கள் இரண்டு பேரிடம் கொடுத்து வைக்கலாம். மார்கழியில் யாருக்குத் தவணை தட்டுகிறது, எந்தப் பாட்டிக்குப் போர்வை இல்லை என்பது அவர்களுக்குக் கேட்காமலே தெரியும். நோட்டில் எவ்வளவு கொடுத்தோம் என்று மட்டும் எழுதினால் போதும். யாருக்கு என்று எழுத வேண்டாம்.