வெறும் இடம்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் முன்னாள் ராணுவ வீரர். வயதில் என்னைவிடச் சிறியவர். லாரிகளில் முருங்கையும் வெண்டையும் ஏறிக் கேரளத்துக்குக் கிளம்பும் வேளையில், கடைக்கு எதிரே நின்று அவரோடு தேநீர் குடிப்பது எனக்கு வழக்கம். அன்று பேச்சு லடாக்கைப் பற்றித் திரும்பியது. அங்கே வரப்போகும் சூரிய மின்சாரத் திட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு அவரிடம் கேட்டேன். நண்பர் அந்தப் பக்கத்தில் மூன்று ஆண்டு காவல் இருந்தவர்.

“செய்யட்டுமே அண்ணே! அங்கே என்ன இருக்கிறது? கல்லும் காற்றும்தான். வெறும் இடம்” என்றார்.

அந்த ‘வெறும் இடம்’ என்ற சொல் வீடு வரையில் என்னைத் தொடர்ந்து வந்தது.

திட்டம் சிறியதல்ல. 14,000 அடிக்கு மேல் உயர்ந்து கிடக்கும் சாங்தாங் பீடபூமியில், பாங் என்னும் இடத்தை மையமாக வைத்து 13,000 மெகாவாட் மின்சாரம் எடுக்க வேண்டும் என்பது யோசனை. அதைக் கீழே கொண்டுவர ஹரியானாவிலுள்ள கைதல் வரையில் 713 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்பாதை. அதற்கு 20,773 கோடி ரூபாய்த் திட்டம். மத்திய அமைச்சரவை 2023 அக்டோபரில் இதற்கு ஒப்புதல் அளித்தது. மேகம் குறைந்த வானம், மெல்லிய காற்று, சுட்டெரிக்கும் வெயில், எல்லையற்ற சமவெளி. சூரியனை அறுவடை செய்ய இதைவிட நல்ல வயல் இந்தியாவில் கிடைப்பது அரிது. கணக்குப் பிழையில்லை.

ஆனால் அந்தச் சமவெளிகளில் சாங்பா என்ற மேய்ச்சல்காரர்கள் இருக்கிறார்கள். ஆடுகளையும் யாக் எருதுகளையும் ஓட்டிக்கொண்டு பருவத்துக்கு ஒரு புல்வெளியாக நகர்பவர்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி இறங்குகிற ஊரில், அந்தக் குளிரைத் தாங்குவதற்காகவே ஆட்டின் உடம்பில் மேல்மயிருக்கு அடியில் மிக மெல்லிய உள்மயிர் வளர்கிறது. வசந்தத்தில் அதைச் சீவி எடுத்தால் அதுதான் பஷ்மினா. நம் ஊர்க் கல்யாணங்களில் பெரிய மனிதர்கள் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்களே, அந்தச் சால்வையின் கதை அந்தப் புல்லில் ஆரம்பமாகிறது. (தோளில் இருப்பதெல்லாம் அசல்தானா என்று நான் கேட்கவில்லை.)

ஆக, அது வெறும் இடமில்லை. நமக்குத் தெரியாத உபயோகத்தில் இருக்கும் இடம்.

அதைக் கண்டு நாம் ஆச்சரியப்படக் கூடாது. ‘புறம்போக்கு’ என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிக் கணக்குக்குப் புறம்பாக விடப்பட்ட நிலம் என்பதுதான் அதற்குப் பொருள். ஆடு மேய்ந்த இடம், களம் அடித்த இடம், ஓடை ஓடிய இடம், பிணம் சுட்ட இடம் எல்லாம் அதில் அடக்கம். யாருக்கும் சொந்தமில்லை, ஆகையால் எல்லாருக்கும் சொந்தம். இன்று அதே சொல்லை மனிதனை ஏசுவதற்கு உபயோகிக்கிறோம். வரி கொடுக்காத நிலம் உபயோகமற்ற நிலம் என்ற எண்ணம் சர்க்கார் ஏட்டிலிருந்து கிளம்பி நம் நாவிலேயே குடியேறிவிட்டது. நம் பழைய புலவர்கள் ஐந்து திணை வகுத்தபோது பாலையைக்கூட ‘ஒன்றுமில்லாத இடம்’ என்று தள்ளவில்லை. அதற்கும் ஓர் ஒழுக்கம் வைத்தார்கள். பிரிவின் துயரத்தை அங்கே குடிவைத்தார்கள்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து தெற்கே பார்த்தால் தெரியும் பழனி மலைத்தொடரின் உச்சியிலும் இதே தவறு நடந்தது. சோலைகளுக்கு நடுவே விரிந்து கிடந்த புல்வெளிகளை வீண் நிலம் என்று எண்ணினார்கள். தோல் பதனிடப் பட்டையும் ஆலைக்கு மரக்கூழும் வேண்டும் என்று வாட்டில் மரங்களையும் தைல மரங்களையும் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். நட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். காடு வளர்க்கிறோம் என்றே நம்பினார்கள். அந்தப் புல்தான் மழையைப் பஞ்சு போல் வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்குக் கொடுத்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நட்ட மரத்தைப் பிடுங்கிப் பழைய புல்லை மீட்பது எப்படி என்று இன்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

இனி என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். என் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. அதற்கு நான் ஒரு காசு கொடுப்பதில்லை. விவசாயிக்கு மின்சாரம் இலவசம். 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே கம்பி இணைந்த பிறகு, தென்னாட்டு மின்சாரமும் வடநாட்டு மின்சாரமும் ஒரே குளத்து நீர் ஆகிவிட்டன. நாளைக்குச் சாங்தாங்கின் வெயில் என் தக்காளிக்கு நீர் இறைக்கலாம். சென்ற பத்தாண்டின் தொடக்கத்தில் மணிக்கணக்கில் மின்சாரம் நின்று, பாத்தியில் நாற்று வாடியதைப் பார்த்தவன் நான். ‘வேண்டாம்’ என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சூரியனை விட்டால் நிலக்கரி. நிலக்கரிப் புகையால் உலகம் சூடேறினால் முதலில் உருகுவது லடாக்கின் பனிதான். பனி உருகிப் போனால் அந்தப் புல்லும் இல்லை. அவர்களுடைய புல்லைக் காப்பாற்றவே அவர்களுடைய புல்லைக் கேட்கிறோம் என்றுகூட ஒருவர் வாதிக்கலாம். வாதம் பொய்யில்லை. ஆனால் வயிற்றுக்கு நல்லது என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரன் வாயில் அவனைக் கேட்காமலே மருந்தை ஊற்றுகிற உரிமை வைத்தியனுக்கும் கிடையாது.

கேட்பது என்றால் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது? தலையை எண்ணினால் கதை முடிந்தது. 2011 கணக்குப்படி லடாக்கில் 2,74,000 பேர். திண்டுக்கல் மாவட்டத்தில் மட்டும் அதைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. லடாக் முழுவதற்கும் பார்லிமெண்டில் ஒரே ஓர் இடம். அதிலும் சாங்பாக்கள் ஒரு கைப்பிடி. ‘பெரும்பாலோரின் நன்மை’ என்ற தராசில் அவர்கள் ஒருபோதும் கீழே இறங்க முடியாது. ஆனால் அந்தத் தராசு இரண்டு தட்டிலும் ஒரே சரக்கை வைக்கிறதா? எனக்குக் கிடைப்பது நாளுக்கு ஒரு மணி அதிக மின்சாரம். அவனுக்குப் போவது பாட்டன் பூட்டன் நடந்த பாதை, ஆடு, அந்த ஆட்டைப் பற்றிய அறிவு, மகன் செய்யவிருந்த தொழில். பல கோடிப் பேருடைய சிறு வசதிகளைக் கூட்டிக் கூட்டி ஒரு மனிதனுடைய வாழ்வுக்குச் சமமாக்கும் கூட்டல் எனக்குப் பிடிபடவில்லை.

கனடா தேசத்தில் ஒரு தடவை வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். வட துருவத்து எரிவாயுவை மெக்கன்சி நதிப் பள்ளத்தாக்கு வழியாகக் குழாயில் கொண்டுவர எண்ணியபோது, 1974-இல் தாமஸ் பெர்ஜர் என்ற நீதிபதியை விசாரிக்கச் சொன்னார்கள். அவர் நகரத்து மண்டபத்தோடு நிற்காமல், முப்பத்தைந்து ஊர்களுக்குப் பிரயாணம் செய்து, வேட்டைக்காரர்களும் மீனவர்களும் தங்கள் தாய்மொழியில் சொன்னதைக் கேட்டார். 1977-இல் வந்த அறிக்கையின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிட்டது: தெற்கே இருப்பவனுக்கு அது வட எல்லை, அங்கே இருப்பவனுக்கு அது வடபுலத்துத் தாயகம். பத்து ஆண்டு பொறுங்கள், முதலில் அவர்களுடைய நில உரிமையைத் தீர்த்து வையுங்கள் என்றார் பெர்ஜர். நம் நாட்டிலும் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்ஸைட் வெட்டலாமா என்று பன்னிரண்டு கிராம சபைகளைக் கேட்டார்கள். பன்னிரண்டும் மறுத்தன. தேசம் கவிழ்ந்துவிடவில்லை.

ஆனால் கேட்டால் எல்லாரும் மறுத்துவிடுவார்கள் என்று எண்ணுவதும் ஓர் அவமதிப்புத்தான். கண்ணாடித் தகடுகளை எங்கே நிறுத்தினால் ஆடு கீழே மேயும், எந்தத் தடத்தை மறிக்கக் கூடாது, எந்த மாதம் எந்தப் பக்கம் காலியாக இருக்கும் என்றெல்லாம் எஞ்சினீயரை விடச் சாங்பாக் கிழவனுக்குத் தெரியும். அவனுக்கும் மின்விளக்கு வேண்டும். அவன் பெண்ணுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும். விலை பேசும் பந்தியில் அவனுக்கு ஓர் இலை போட வேண்டும். விலை வைப்பவன் ஒருவன், விளைவிப்பவன் ஒருவன் என்றால் என்ன ஆகும் என்று ஒட்டன்சத்திரத்துக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டு வெறும் கூடையோடு வீடு திரும்பியவர்கள் நாம்.

மறு வாரம் இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பக்கத்தில் ஒரு கிழவர் கூடாரத்தில் எங்களுக்கு உப்புப் போட்டுத் தேநீர் கொடுத்தார், அண்ணே. ‘உங்கள் ஊரில் எத்தனை ஆடு?’ என்று கேட்டார். எங்கள் அப்பாவிடம் நாற்பது இருந்தது, மேய்ச்சல் புறம்போக்கு போனதும் விற்றுவிட்டோம் என்றேன். ‘அந்த இடத்தை யார் எடுத்துக்கொண்டார்கள்?’ என்று கேட்டார்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள், தம்பி?”

“யாருமில்லை, சும்மா கிடந்த இடம்தானே என்று சொன்னேன்.”

அதற்குள் ஏலம் கூறும் குரல் கேட்டது. நண்பர் தம்ளரை வைத்துவிட்டுக் கடைக்குள் போனார்.