வாசல் தேடி வந்த நாகத்தை வழியனுப்புவோம்!

மழை விட்ட மாலை நேரம். விளக்கேற்றுவதற்காகத் துளசி மாடத்துப் பக்கம் போகிறீர்கள். மாடத்தின் அடியில் சரசரவென்று ஏதோ நெளிகிறது. கையில் இருக்கும் தீபம் நடுங்குகிறது. 'முருகா!' என்று அலறுகிறீர்கள். அதற்கடுத்து உங்கள் வாயில் வரும் வார்த்தை என்ன? 'ஓடி வாங்க... கம்பை எடுத்துக்கிட்டு வாங்க!'

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே! ஆடி வெள்ளிக்கிழமையில் மஞ்சள் புடவை கட்டி, புற்றுக்கு மஞ்சள், குங்குமம் இட்டு, 'தாயே! என் குடும்பத்தைக் காப்பாற்று' என்று கும்பிட்டது நாம்தான். அதே நாகம் நம் தோட்டத்துக்கு வந்தால் கம்பைத் தேடுவதும் நாம்தான். புற்றுக்குள் இருக்கும்வரை தெய்வம், மாடத்தடியில் வந்தால் எதிரியா?

பயப்படுவதில் தவறில்லை. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால், அந்த பயத்தோடு பக்தியும் விவேகமும் சேர வேண்டும். அதற்கு வழிகாட்டும் இரண்டு திருத்தலங்கள் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. வாருங்கள், கள்ளக்குறிச்சி பக்கம் போய் வருவோம்.

நாககன்னி பெற்ற பிள்ளை

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-ல் தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. மேற்கே கல்வராயன் மலை. அங்கே பிறந்து வரும் கோமுகி ஆறு, அடிவாரத்து வயல்களுக்கு நீர் வார்க்கிறது. நெல்லும், கரும்பும், மக்காச்சோளமும் விளைகிற பூமி. தானியம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். அதனால், மலையடிவாரத்து வீடுகளில் பாம்பைப் பார்ப்பது அதிசயமே இல்லை.

இந்த மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது கூவாகம். சித்திரைப் பௌர்ணமியையொட்டி நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடெங்கிலும் இருந்து திருநங்கையர் வந்து, தாலி கட்டிக்கொள்ளும் தலம். அந்தக் கூத்தாண்டவர் யார் தெரியுமா? அர்ஜுனனுக்கும், நாககன்னி உலூபிக்கும் பிறந்த அரவான்! பாரதப் போரில் பாண்டவர் ஜெயிப்பதற்காகத் தன்னையே களப்பலி கொடுத்தவர். அரவு என்றாலே பாம்புதானே? பாம்பு குலத்துப் பெண் வயிற்றில் பிறந்த பிள்ளையைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற மண் இது.

பாரதத்திலேயே இன்னொரு நாககன்னியின் மகனும் வருகிறார். அவர் ஆஸ்திகர். தட்சகன் தீண்டித் தந்தை பரீட்சித்து இறந்ததால், கோபம் கொண்ட ஜனமேஜயன் பாம்புக் குலத்தையே அழிக்க சர்ப்ப யாகம் நடத்தினான். கடித்தது ஒரு பாம்பு. தீயில் விழுந்தவையோ ஆயிரமாயிரம். அந்த யாகத்தை நிறுத்தச் செய்தவர் ஆஸ்திகர். ஒரு பாம்பைக் கண்ட பயத்தில், கண்ணில் படும் சாரையையும், தண்ணீர்ப் பாம்பையும் அடித்துப் போடுகிறோமே... அது நம் வீட்டுக் கொல்லையில் நாம் நடத்தும் சர்ப்ப யாகம் இல்லையா?

திருக்கோவலூர் மன்னன் சொன்ன நீதி

அடுத்தது தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவிலூர். உலகளந்த பெருமாளும், வீரட்டானேஸ்வரரும் அருள்புரியும் தலம். அறுபத்து மூவரில் ஒருவரான மெய்ப்பொருள் நாயனார் அரசாண்ட ஊர்.

அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், சிவனடியார் வேடம் போட்டு வந்தான். உடம்பெல்லாம் திருநீறு. கையில் சுவடிக்கட்டு, அதற்குள் கத்தி. 'ஆகமம் உபதேசிக்க வந்தேன்' என்று சொல்லி அந்தப்புரம்வரை நுழைந்தான். ராணியை வெளியே அனுப்பிவிட்டு, அவனை ஆசனத்தில் அமர்த்தித் தாம் தரையில் பணிந்தார் மன்னர். பாவி, அந்த நேரம் பார்த்துக் கத்தியைப் பாய்ச்சினான். காவலன் தத்தன் வாளை உருவிக்கொண்டு பாய்ந்தான். ரத்தம் பெருகும் நிலையிலும் மன்னர் அவனைத் தடுத்தார். வந்தவர் நம்மவர் என்றார். யாரும் அவருக்குத் தீங்கு செய்யாதபடி ஊர் எல்லை கடத்தி விட்டு வரச் சொன்னார். தத்தனும் கொதித்து நின்ற ஜனங்களை விலக்கி, அவனைப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்து சொன்னான். அதைக் கேட்ட பிறகே மன்னர் உயிர் பிரிந்தது.

வஞ்சகத்தோடு வந்து குத்தியவனையே பத்திரமாக எல்லை கடத்தினார் நாயனார். பாம்போ எந்த வஞ்சகமும் அறியாது. வேடம் போடவும் அதற்குத் தெரியாது. எலியைத் துரத்தி வந்தது. அல்லது மழைத் தண்ணீர் வளைக்குள் புகுந்ததால் ஈரமில்லாத இடம் தேடி வந்தது. இதை எல்லை கடத்தி விடுவது நமக்கு முடியாத காரியமா?

நம் வீட்டுக்கும் ஒரு 'தத்தன்' இருக்கிறார். தீயணைப்பு நிலையத்துக்கோ, வனத்துறைக்கோ போன் செய்தால், பயிற்சி பெற்றவர்கள் வந்து பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். அவர்கள் வரும்வரை குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, எட்ட நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். வீட்டு ஆண்களை 'நீங்களே பிடிங்க' என்று உசுப்பி விடாதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் (1972) பாம்பைக் கொல்வதைக் குற்றம் என்கிறது. அடிபட்ட பாம்பு பழி வாங்கும் என்பதெல்லாம் சினிமாக் கதை. ஆனால், அடிக்கப் போகிறவர் கடிபடுவது மெய்யாகவே நடக்கிறது.

எது நாக பூஜை?

இன்னொரு விஷயமும் பேசியாக வேண்டும். பாம்பு பால் குடிக்கும் பிராணி அல்ல. எலி, தவளை, பல்லி போன்றவைதான் அதன் ஆகாரம். பாம்பாட்டிகள் கொண்டுவரும் பாம்பு பால் குடிக்கிறதென்றால், அது பல நாள் தண்ணீர் காட்டாமல் தாகத்தில் தவிக்கவிட்ட பாம்பு. பல்லையும் பிடுங்கியிருப்பார்கள். அதற்குத் தட்சணை போடுவது புண்ணியமாகுமா?

நாக சதுர்த்தி விரதத்தை விட வேண்டாம். அரச மரத்தடி நாகர் சிலைக்குப் பாலபிஷேகம் செய்யுங்கள், மஞ்சள் சார்த்துங்கள், பிரதட்சணம் வாருங்கள். உயிருள்ள புற்றென்றால் வாசலில் கோலமிட்டு, பூ வைத்து, விளக்கேற்றிக் கும்பிடுங்கள். துவாரத்தில் பால் ஊற்றாதீர்கள். நம் வீட்டுக்குள் யாராவது குடம் குடமாகப் பாலை ஊற்றினால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தப் பால் ஏழைக் குழந்தை ஒன்றின் வயிற்றுக்குப் போனால் நாகராஜா குளிர மாட்டாரா?

வீட்டைச் சுத்தமாக வைப்பதும் ஒரு நாக பூஜைதான். சுவரோரம் விறகு, செங்கல், தேங்காய் மட்டை குவியவிடாதீர்கள். சிந்திய அரிசியைப் பெருக்கித் தள்ளுங்கள், எலி வராது. சாக்கடைக் குழாய்க்கு வலை போடுங்கள். இரவில் கொல்லைக்குப் போனால் டார்ச் விளக்கும் செருப்பும் அவசியம். பாம்புக்குப் புறச்செவி கிடையாது. தரையின் அதிர்வை உணரும். கம்பைத் தட்டி நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைத் தீண்டும். பல சமயம் வலியே தெரியாது. அதனால் கட்டிலும், நன்றாகச் செருகிய கொசுவலையும் உத்தமம்.

பதிகமும் மருந்தும்

திங்களூர் அப்பூதியடிகள் கதை நமக்குத் தெரியும். நாவுக்கரசருக்கு அமுது படைக்க வாழையிலை அரியப் போன பிள்ளையைத் தோட்டத்துப் பாம்பு தீண்டியது. விருந்துக்குத் தடை வரக் கூடாதென்று, பிள்ளை அதைச் சொல்லாமல் இலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு விழுந்தான். அப்பர் பெருமான் பதிகம் பாடி எழுப்பினார்.

அது அப்பர் பெருமானால் ஆகும். நாம் செய்ய வேண்டியது என்ன? 'ஏதாவது கடித்தால், எங்கே விளையாடப் போயிருந்தாலும் திட்ட மாட்டேன், உடனே அம்மாவிடம் சொல்' என்று நம் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லி வைக்க வேண்டும். திட்டுக்குப் பயந்து மறைக்கும் ஒரு மணி நேரத்தில் உயிரே போய்விடலாம்.

கடிபட்டவரைப் பதறாமல் உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள். கொலுசு, மெட்டி, மோதிரம், வளையலைக் கழற்றி விடுங்கள். வீக்கம் வந்தால் அவை இறுக்கும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மந்திரித்துக் காத்திருப்பது எதுவும் வேண்டாம். கடித்த பாம்பைத் தேடி ஓடவும் வேண்டாம். 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள். பதிகத்தைப் போகிற வழியெல்லாம் பாடுங்கள். 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் நம் நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். 2024-ல் தமிழக அரசு, பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியிருக்கிறது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்த மருந்து எதிலிருந்து வருகிறது? பாம்பின் விஷத்திலிருந்தேதான்! மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர், பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தித்தான் முறிவு மருந்து தயாராகிறது. அந்த இருளர் குடியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆலகால விஷத்தைக் கண்டத்தில் நிறுத்தி, அரவத்தையே ஆரமாக அணிந்தார் நீலகண்டர். விஷமுள்ள ஜீவனுக்கும் என்னிடம் இடமுண்டு என்று அவர் காட்டிய பிறகு, நம் தோட்டத்து வழியாக நாலு அடி கடந்து போக அதற்கு இடமில்லை என்று சொல்ல நாம் யார்?

அடுத்த முறை துளசி மாடத்தடியில் சரசரப்புக் கேட்டால், இரண்டடி பின்னால் வாருங்கள். மெய்ப்பொருள் நாயனாரை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பை விட்டுவிட்டு போனை எடுங்கள். வந்த நாகமும் நலமாகப் போய்ச் சேரட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் நலமாக வாழட்டும்!