அட்டையில்லாத புத்தகம்

ஒரு பெண்ணின் கையில் இருக்கும் புத்தகத்தை முதலில் படிப்பவள் பெரும்பாலும் அவள் இல்லை. பேருந்தில் எதிரே நிற்பவர், கூடத்தைக் கடந்து போகிறவர், விடுதி வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பவர் என யாராவது ஒருவர் அவளுக்கு முன்பே அட்டையைப் படித்து முடித்துவிடுகிறார். “என்ன புக்கு?” என்கிறார். இதே கேள்வியை ஓர் ஆணிடம் கேட்டால் அது பேச்சுக்கு ஆரம்பம். பெண்ணிடம் கேட்டால் விசாரணை. பாடப் புத்தகம் என்றால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். சமையல், பக்தி, குழந்தை வளர்ப்பு என்றாலும் முடிந்துவிடும். அட்டையில் ‘உடல்’ என்றோ ‘காமம்’ என்றோ ‘சாதி’ என்றோ ஒரு சொல் இருந்துவிட்டால், கேள்வி புத்தகத்தை விட்டு இறங்கி அவள்மேல் ஏறிக்கொள்ளும்.

இதற்குப் பெண்கள் எப்போதும் ஏதாவது வழி வைத்திருந்தார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, வருடம் முடிந்ததும் பைண்டு செய்து வைத்திருந்தாள் என் அம்மா. அந்தத் தொகுப்புகளின் வெளியே பெயர் எதுவும் இருக்காது. எந்த பைண்டில் எந்தக் கதை என்பது அம்மாவுக்கும் எதிர்வீட்டு அத்தைக்கும் மட்டும்தான் தெரியும். நான் முதுகலை படித்த காலத்தில் நாளிதழ்த் தாளால் அட்டை போட்டுக்கொண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி சைதன்ய பாகவதத்திலிருந்து ஓர் ஏட்டை எடுத்து அடுக்களையில் மறைத்துவைத்து, யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிற்காலத்தில் ‘ஆமார் ஜீபன்’ என்று தன் வரலாற்றையே எழுதியவர் அவர். நம் காலத்திலும், துவரங்குறிச்சியில் பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட சல்மா, கழிவறைக்குள் நின்று கவிதை எழுதியதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ராஸசுந்தரி மறைத்துவைத்தது ஒரு பக்தி நூலின் ஏட்டை. அங்கே குற்றம் நூலில் இல்லை, அவர் படித்ததில் இருந்தது.

இந்த வரிசையில் வைத்துத்தான் நான் மின்நூல் கருவியைப் பார்க்கிறேன். ஆறு அங்குலத் திரை, இருநூறு கிராம் சுமாரான எடை, சிலேட்டு போன்ற ஒரு சாம்பல் பலகை. 2007இல் அமெரிக்காவில் கிண்டில் விற்பனைக்கு வந்தபோது எத்தனை புத்தகம் கொள்ளும், வெயிலில் தெரியுமா, மின்னேற்றம் எத்தனை நாள் நிற்கும் என்றுதான் பேசினார்கள். திரைக்குள் இருக்கும் கருப்பு வெள்ளைத் துகள்கள் பக்கம் திருப்பும்போது மட்டும் மின்சாரம் கேட்கும், மற்ற நேரம் சும்மா கிடக்கும், அதனால் வாரக் கணக்கில் தாங்கும். எல்லாம் சரி. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அதற்கு அட்டை இல்லை. அதற்குள் திருவாசகமும் இருக்கலாம், இரண்டாம் ஜாமங்களின் கதையும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே சாம்பல்.

விருதுநகரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போய்வருகிறவள் நான். ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் வாசிப்புக்கு ஒரு மணி நேரம் உறுதி. இந்தக் கருவி வந்த பிறகு பக்கத்து இருக்கைக்காரர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ ஆபீஸ் வேலை என்று முடிவு செய்து தூங்கிப்போகிறார்கள். வீட்டில் அத்தை கேட்பார், “பேப்பர் திருத்துறியாம்மா?” நான் “ஆமா அத்தை” என்பேன். அத்தை நல்லவர். உண்மையைச் சொன்னாலும் வையமாட்டார். ஆனால் வேலை என்றால் எனக்குக் காபி வரும். கதை என்றால் நான் எழுந்துபோய்க் காபி போட வேண்டும். பெண்ணின் நேரத்துக்கு வீட்டில் இருக்கும் விலைப்பட்டியல் இதுதான். அந்தப் பொய்யைச் சொல்வதில் எனக்கு உறுத்தல் இல்லை. கேட்க உரிமை இல்லாத கேள்விக்கு உண்மையான பதிலைக் கொடுக்க வேண்டிய கடமையும் இல்லை என்பது என் கட்சி.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் ‘களவு’ என்ற சொல் நினைவுக்கு வராமல் இருக்காது. திருமணத்துக்கு முந்தைய காதலுக்கு நம் இலக்கணம் வைத்த பெயர் அது. திருட்டைக் குறிக்கும் சொல்லையே எடுத்து, இழிவில்லாத ஒரு பொருளில் ஆண்டிருக்கிறார்கள். களவு கொஞ்சம் கசிந்தால் அம்பல், ஊர் முழுக்கப் பேசினால் அலர். அலர் வீட்டாரின் காதில் விழுந்தால் இற்செறிப்பு, அதாவது பெண்ணை வீட்டுக்குள் அடைப்பது. இந்த வரிசையை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். குறுந்தொகை என் கருவியிலும் இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலவசமாகத் தந்த மின்பதிப்பு அது. கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாக வந்தது 2016இல்தான். அதற்கு முன்பு கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்த தமிழை அந்தத் திரையில் பார்த்தவர்களுக்கு, எழுத்து சரியாகத் தெரிந்ததே ஒரு பண்டிகை.

பழைய காலத்துத் துறை என்று நான் நடத்திக்கொண்டிருந்த இற்செறிப்பு, சில வருடங்களுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்திக்கு நடந்தது. அவள் அண்ணன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும் புதிய கருவி வாங்கிக்கொண்டு, பழையதைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டான். ஆசையாகத்தான் கொடுத்தான். “எது வேணும்னாலும் வாங்கிக்கோ, என் கார்டுலதான் இருக்கு” என்றும் சொல்லியிருக்கிறான். அவள் அதில் நிறையப் படித்தாள். என்னைவிட வேகமாகப் படிப்பாள். முதுகலை ஆய்வேட்டுக்குச் சாதி மறுப்புத் திருமணங்களைத் தலைப்பாக எடுத்தபோது, அது பற்றிய ஒரு நூலை அந்தக் கருவியிலேயே வாங்கினாள்.

கருவி அவள் கையில் இருந்தது. கணக்கு அண்ணன் பெயரில் இருந்தது. அவள் தொட்டு வாங்கிய புத்தகம் பெங்களூரில் அண்ணனின் கைப்பேசியில், அவன் நூலக வரிசையின் முதலாவதாக, வண்ண அட்டையோடு வந்து நின்றது. அவள் திரையில் இல்லாத அட்டை அவன் திரையில் இருந்தது. அவன் தங்கையிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டான்: “யாரு அவன்?”

யாரும் இல்லை. ஆய்வேடுதான் இருந்தது. இரண்டு வாரம் அவள் கல்லூரிக்கு வரவில்லை. நானும் துறைத்தலைவரும் போய்ப் பேசிய பிறகு வந்தாள், கருவி இல்லாமல். ஆய்வேட்டுத் தலைப்பை மாற்றிக்கொண்டாள். சிலப்பதிகாரத்தில் உவமைகள் என்று ஒரு தலைப்பு எங்கள் துறையில் எப்போதும் காலியாக இருக்கும், வீட்டுக்குப் பயந்தவர்களுக்காக.

அந்த அண்ணன் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எழுத எளிதாக இருக்கும். அவன் தங்கைக்குப் புத்தகம் வாங்கித் தந்தவன். கொடுத்த கையும் பார்த்த கண்ணும் ஒரே கணக்கில் இருந்தன. நம் குடும்பங்களில் அன்பு வரும் வழியும் கண்காணிப்பு வரும் வழியும் எப்போதும் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன. கருவி அதை ஒரு வசதியாகச் செய்து கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மின்நூல் பற்றி நடக்கும் விவாதங்களில் நிறுவனத்தின் கண்ணைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். 2009 ஜூலையில், பதிப்புரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஆர்வெல்லின் 1984ஐ அவர்கள் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. கண்காணிப்பைப் பற்றிய நாவல் என்பதால் உலகமே சிரித்தது. ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் அந்த நிறுவனம் நிறுத்தியது. நாம் வாங்குவது புத்தகம் இல்லை, படிப்பதற்கான அனுமதி. எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம், எந்த வரியில் கோடிட்டோம் என்பதெல்லாம் எங்கோ ஒரு கணினியில் பதிவாகிறது.

இதில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சியாட்டிலில் இருக்கும் நிறுவனம் என் மாணவி என்ன படிக்கிறாள் என்று அறிந்தால், அதிகம் போனால் இன்னொரு புத்தகத்தை விற்கப் பார்க்கும். பெங்களூரில் இருக்கும் அண்ணன் அறிந்தால் படிப்பு நிற்கும். இரண்டையும் ‘கண்காணிப்பு’ என்ற ஒரே சொல்லால் சொல்கிறவர்கள், வீட்டுக்குள் யாராலும் கண்காணிக்கப்படாதவர்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது, எங்கள் ஆசிரியர் அறையில் ஆண் நண்பர்கள் ஆதாரைப் பற்றியும் அரசாங்கத்தைப் பற்றியும் வாதிட்டார்கள். அந்த உரிமை தனி மனிதருக்கானது. குடும்பம் என்ற அமைப்புக்கானது இல்லை. வீட்டின் அந்தரங்கம் என்ற பெயரில்தான் அடிகள் இத்தனை காலம் மறைந்திருந்தன. வீட்டுக்குள்ளே ஒருத்திக்கு அந்தரங்கம் உண்டா என்ற கேள்வி அன்றைக்கு அந்த அறையில் எழவில்லை. ஆண் தனக்கென்று வைத்துக்கொண்டால் அந்தரங்கம், பெண் வைத்துக்கொண்டால் கள்ளத்தனம். அகராதியில் இல்லாவிட்டாலும் புழக்கத்தில் இருக்கும் பொருள் வேறுபாடு இது.

அப்படியானால் மறைப்பதே போதுமா? இங்கேதான் நான் தடுமாறுகிறேன். அகப்பாடல்களின் களவு மறைந்தே இருந்துவிடுவதற்கானது இல்லை. அது ஒரு நாள் வெளிப்பட வேண்டும், ஊர் ஏற்க வேண்டும். மறைவு அங்கே வழி, ஊர் இல்லை. நாம் சாம்பல் பலகைக்குப் பின்னால் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டால், “என்ன புக்கு?” என்று கேட்கிறவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார், நம்மிடம் இல்லாமல் அடுத்த பெண்ணிடம். பேருந்தில் ஒரு பெண் அம்பையின் தொகுப்பை அட்டை தெரியப் பிடித்திருப்பதைப் பார்த்துத்தான் நான் அம்பையைத் தேடிப் போனேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவரிடம் அன்று ஒரு கருவி இருந்திருந்தால் அந்த அட்டை எனக்குக் கிடைத்திருக்காது. மறைவாகப் படிக்கும் ஒவ்வொரு பெண்ணும் தனக்குப் பின்னால் வருகிறவளின் கண்ணிலிருந்தும் மறைந்துவிடுகிறாள்.

இரவல் விஷயமும் இதுதான். எங்கள் விடுதியில் ஒரு நாவல் பதினான்கு பேர் கைக்குப் போய் வந்தது. திரும்பி வந்தபோது அதில் எண்ணெய்க் கறை, பென்சில் கோடு, ஓரத்தில் ஒருத்தி எழுதிய “எங்க வீட்லயும்” என்ற இரண்டு சொற்கள். அந்த இரண்டு சொற்களுக்காக அந்தப் பிரதியை இன்னும் வைத்திருக்கிறேன். கருவியிலும் பலர் கோடிட்ட வரிகளைக் காட்டுவார்கள், இத்தனை பேர் என்று எண்ணிக்கையோடு. சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் இருக்கிறது என்று தெரியும், முகம் தெரியாது. எங்க வீட்லயும் என்று அதில் யாரும் எழுதிவைத்துவிட்டுப் போக முடியாது.

அட்டை தெரியப் படி என்று இருபது வயதுப் பெண்ணுக்கு நான் சொல்லிவிடலாம். அதற்கான விலையைக் கட்டப் போவது நான் இல்லையே. எனக்குச் சம்பளம் இருக்கிறது, முனைவர் பட்டம் இருக்கிறது, நாற்பதைத் தாண்டிய வயது கொடுத்த ஒரு அலட்சியம் இருக்கிறது. ஆகவே நான் இப்போது பேருந்தில் தாள் புத்தகத்தை அட்டை தெரியப் பிடித்துப் படிக்கிறேன், கருவியை இரவுக்கு வைத்துக்கொள்கிறேன். மாணவிகளிடம் மறைக்கவும் சொல்வதில்லை, காட்டவும் சொல்வதில்லை. எதைச் செய்வது என்பதை அவர்கள் தீர்மானிக்கிற இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு முதலில் கணக்கு அவர்கள் பெயரில் இருக்க வேண்டும்.

எனவே ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் பாடநூல் பட்டியலோடு இதையும் ஒரு மணி நேரம் பேசுகிறேன். சொந்த மின்னஞ்சல் முகவரி, அண்ணனுக்கும் அப்பாவுக்கும் தெரியாத கடவுச்சொல், இலவசமாகக் கிடைக்கும் நூல்களை எந்தக் கடைக்கும் தெரியாமல் கருவியில் ஏற்றிக்கொள்வது. முதல் வருடம் பின்வரிசையில் இருந்து ஒருத்தி கேட்டாள்: “காசு கொடுத்து வாங்கணும்னா அம்மா?” சொந்த வங்கி அட்டை வேண்டும் என்றேன். “கார்டு இருக்கும்மா, ஸ்காலர்ஷிப்புக்கு எடுத்தது. ஓடிபி அப்பா போனுக்குல்ல போகும்.”

கை தூக்கச் சொன்னேன். நாற்பத்திரண்டு பேர் வகுப்பில் முப்பத்தொரு பேருக்கு வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் இருந்தது அப்பாவின் எண், அல்லது அண்ணனின் எண், இரண்டு பேருக்குக் கணவனின் எண். அதை மாற்ற அப்போது நேரில் போய் விரல் ரேகை வைக்க வேண்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமை ஆதார் மையத்து வரிசையில் நாங்கள் ஆறு பேர் நின்றோம். என் பையில் கருவி இருந்தது. இரண்டு மணி நேரக் காத்திருப்பில் அது கைமாறிக்கொண்டே போய், வரிசையின் கடைசியில் நின்ற யாரோ ஒரு அக்காவிடம் இருந்தது. அவர் எங்களோடு வந்தவர் இல்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார். என்ன புத்தகம் என்று நான் கேட்கவில்லை.