கவனம் என்னும் கடன்

செய்யும் தொழிலில் மனம் ஒன்றி நிற்றல் வெறும் திறமையா, அன்றி அறமா என்னும் வினா பழையது. கணினி மேசைக்கு வந்த பின்னர் அவ்வினா புதிய கூர்மை பெற்றிருக்கிறது. ஒரு சாளரத்தில் அறிக்கை, மற்றொன்றில் மின்னஞ்சல், இடையிடையே புலனச் செய்திகளின் ஓசை. இவ்வாறு பலவற்றை ஒருங்கே ஆற்றுவதை இக்காலத்தார் ஆற்றல் எனப் போற்றுகின்றனர்.

பல்பணி என்னும் இக்கருத்து, 1960ஆம் ஆண்டுகளில் கணினித் துறையிலிருந்து வந்ததாகும். அக்காலக் கணினியின் ஒற்றைச் செயலி பல வேலைகளை ஒரே கணத்தில் செய்யவில்லை. ஒன்றைச் சிறிது செய்து, நிறுத்திய இடத்தைக் குறித்து வைத்து, அடுத்ததற்குத் தாவியது. மீண்டபோது விட்ட இடத்திலிருந்தே பிழையின்றித் தொடர்ந்தது. மனித மனமும் தாவுகிறது. ஆயின் அத்தகைய குறிப்பு அதனிடம் இல்லை. முன்னைய பணியின் எச்சம் அடுத்த பணியிலும் ஒட்டிக்கொள்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பல ஊடகங்களை ஒருங்கே மிகுதியாகப் பயன்படுத்துவோர், வேண்டாதவற்றை ஒதுக்குவதிலும் பணி மாறுவதிலும் பிறரினும் பின்தங்கினர்.

அவதானிகள் இதற்கு விலக்கல்லரோ எனச் சிலர் வினவக்கூடும். செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார். உண்மையே. ஆயினும் அவதானி, நெடிய பயிற்சியால் நூறு செய்திகளையும் தம் மனத்தின் ஆணைக்கு உட்படுத்துகிறார். கணினியின் முன் அமர்ந்திருப்பவரையோ வருகின்ற ஓசையெல்லாம் இழுத்துச் செல்கிறது. அங்கே மனம் ஆள்கிறது, இங்கே ஆளப்படுகிறது.

இதனால் வரும் இழப்பு செய்பவரோடு முடியுமாயின், திறமைக் குறைவு என்று கூறி அமையலாம். ஆனால் பெரும்பாலான பணிகளின் மறுமுனையில் மற்றொருவர் காத்திருக்கிறார். மாணவன் ஒரு மாலை முழுதும் முயன்று எழுதிய கட்டுரையை ஆசிரியர் திரையில் திருத்துகிறார். பத்திக்குப் பத்தி செய்திகளுக்கும் மறுமொழி அனுப்புகிறார் எனக் கொள்க. பிழைகள் திருத்தப்படும், மதிப்பெண்ணும் இடப்படும். ஆயினும் அம்மாணவன் மூன்றாம் பத்தியில் சொல்ல முயன்று, சொல்லத் தெரியாது விட்ட கருத்தை எவரும் கண்டிரார். அவனோ தன் எழுத்து முழுமையாகப் படிக்கப்பட்டதென நம்புவான். அரை மனத்தைக் கொடுத்து முழு மனமெனக் காட்டுவது வாய்மைக்கு இழுக்கேயாகும். ஆதலின் கவனம் என்பது திறமை மட்டுமன்று. பிறர்க்குச் செலுத்த வேண்டிய கடனுமாகும்.

எல்லா அழைப்பையும் புறக்கணிக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. காய்ச்சலுற்ற பிள்ளையின் தாய் அனுப்பும் செய்தியும் கடமைக்குரியதே. கட்டுரையைச் சற்றே மூடி, முழு மனத்தோடு அவருக்கு மறுமொழி கூறுதலும், பின்னர் முழு மனத்தோடு கட்டுரைக்குத் திரும்புதலும் முறையாகும்.

2020இல் பள்ளிகள் மூடப்பட்டு இயங்கலையில் வகுப்புகள் நடந்தபோது, மாணவர் பாடத்தின் அருகே விளையாட்டையும் திறந்து வைத்திருப்பதாக ஆசிரியர் பலர் வருந்தினர். அவ்வருத்தம் நியாயமானதே. எனினும் மாணவரிடம் கேட்கும் ஒருமுகப்பாட்டை, அம்மாணவரின் எழுத்தைப் படிக்கும் வேளையில் ஆசிரியரும் அளித்தல் வேண்டும். தாம் செலுத்தாத கடனைப் பிறரிடம் கேட்பது எங்ஙனம் பொருந்தும்?